ராணி சொன்னது நாமா நாங்களா

மார்ச் 4

அண்ணிக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிஷம் கத்தினேன். நீங்கள் ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் டக்கென்று வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டால், ரயில் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில், “அவ வேலையா இருக்காடா” என்று ஒரே பல்லவி. டப்பிங் தியேட்டரை விட்டுவிட்டு அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் போய் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு என்ன வேலையோ, எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் தபால்.

போனில் கோபத்தில் உளறியதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நாம் தமிழில் டப்பிங் செய்கிற வெளிநாட்டுத் தொடர் ‘சாம்பல் நதி: மறுகரை’, இந்தப் பருவத்தின் கடைசிப் பகுதி. நீங்கள் குரல் கொடுக்கும் ராணி படகில் ஏறப் போகிறாள். காட்டிக்கொடுத்த தங்கை மணலில் நிற்கிறாள். ராணி திரும்பாமலே ஒரு வரி சொல்கிறாள். அவர்கள் மொழியில் அதற்கு இருப்பது ஒரே சொல்தான். நம் மொழியில் இரண்டு. ‘நாங்க வீட்டுக்குப் போறோம்’ என்றால் தங்கைக்கு இடமில்லை. ‘நாம வீட்டுக்குப் போறோம்’ என்றால் அவளையும் மன்னித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள். அடுத்த பருவத்தின் கதைச் சுருக்கத்தில் தங்கை தனியாகக் கரையில் இருக்கிறாள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆகவே நான் ‘நாங்க’ என்று எழுதினேன். அடிக்கோடு கூடப் போட்டேன். நீங்கள் ‘நாம’ என்று பேசிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஒளிபரப்பான மறுநாள் இணையத்தில் ஜனங்கள் எழுதியவற்றில் மூன்றை மட்டும் காப்பி பண்ணுகிறேன். “வசனம் எழுதியவருக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அனுப்ப விரும்புகிறேன், முகவரி தேவை.” “ஆறு வருஷம் காத்திருந்தது ராணி கடைசி நிமிஷத்தில் குழம்புவதைப் பார்க்கவா?” “மூலத்தில் பார்த்தேன், தமிழில் கதையையே மாற்றிவிட்டார்கள், யார் அந்தப் புண்ணியவான்?”

அந்தப் புண்ணியவான் நான்தான். திரையில் என் பெயர்தானே ஓடுகிறது. பதினாறு வருஷம் மைக் முன்னால் நின்றவர் நீங்கள். ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

நான் எதையும் அடிக்கவில்லை, ஏனென்றால் ‘அன்புள்ள’ என்று எழுதவே இல்லை.

நீ பேசிய பத்து நிமிஷமும் கேட்டேன். வாய்க்கொழுப்பு என்றாய், தலைக்கனம் என்றாய். ‘சம்பந்தமில்லாத வார்த்தையைப் பேசிட்டு இப்ப ஊமை மாதிரி உக்காந்திருக்கீங்க’ என்றாய். ஊமை மாதிரி இல்லையப்பா, ஊமைதான். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசமாம். நீ கூப்பிட்டபோது பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். பதில் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் பேசிவிடுவேன் என்று பயந்துதான் வைத்தேன். பிறகு போனை உன் அண்ணனிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவரிடம் சத்தியமும் வாங்கியிருந்தேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். ‘வேலையா இருக்கா’ என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

குரல்நாணில் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பயப்படாதே. நவம்பரிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அன்றைக்கே ராணிக்கு வேறு ஆள் தேடியிருப்பார்கள். உனக்குத் தெரிந்தால் உன் முகமே விளம்பரம் செய்துவிடும்.

உன்னுடைய ‘ஏன்’ என்பதற்குப் பதில். அந்த வரியைப் பதிந்த அன்று நீ வேறு தியேட்டரில் இருந்தாய். அடிக்கோடு போட்ட தாள் என் முன்னால் இருந்தது. முதல் டேக்கில் ‘நாங்க’ என்றேன். ‘ங்’ வந்த இடத்தில் குரல் கிழிந்தது. வெந்நீர் குடித்துவிட்டு இன்னொரு டேக், அதுவும் அப்படியே. மூன்றாவதில் காற்றுதான் வந்தது. ஒலிப்பதிவு இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நாம’ என்றால் உதட்டை மூடினால் போதும், தொண்டைக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் ராணி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், உதடு பொருந்துகிறதா என்று யாரும் பார்க்க முடியாது. சொன்னேன். சுத்தமாக வந்தது. ‘ஓகே’ என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

குரல் வரும், ஆனால் அதே குரல் வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக அதுதான் நான் பேசிய கடைசி வரியாகவும் இருக்கலாம். அதற்குத்தான் நீ பத்து நிமிஷம் கத்தினாய்.

அண்ணி

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். என்னை எந்தச் செருப்பால் வேண்டுமானாலும் அடியுங்கள். என்னை இந்தத் தொழிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் நீங்கள். மூன்று மாதமாக உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நீங்கள் தலையாட்டிப் பதில் சொல்வதைக் கவனித்தேன். வயசாகிறது, பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுதிய வரியைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மன்னித்துவிடுங்கள். இதை வெறும் வார்த்தையாக எழுதவில்லை.

இன்னொரு தப்பும் செய்தேன். போன கடிதத்தில் திட்டியவற்றை மட்டும் பொறுக்கி அனுப்பினேன். வந்ததில் முக்கால்வாசி வேறு மாதிரி. உங்களிடம் போன் இல்லை, நீங்கள் படித்திருக்க முடியாது. அதனால் கை வலிக்கிறவரைக்கும் காப்பி பண்ணுகிறேன்.

பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர்: “நான் அழுகிற ஆள் கிடையாது. போனில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். பிள்ளைகள் ஏன் கண் சிவப்பு என்றார்கள். தூசி என்றேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.”

ஒரு நர்ஸ்: “வார்டுக்குப் பக்கத்து ரூமில் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். ராணி மன்னித்தது தப்பு என்று ரெண்டு பேர், சரி என்று ரெண்டு பேர். தலைமை நர்ஸ் வந்து அதட்டினார். அப்புறம் அவரே என்ன சொன்னாள் என்று கேட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.”

கடைசியாக ஒன்று. இதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. “நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம். நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அன்று அவள் வீட்டு டிவியும் என் வீட்டு டிவியும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. ராணி ‘நாம’ என்றதும் நான் அணைத்தேன். மேலேயும் சத்தம் நின்றது. இரண்டு பேரும் நடுப் படிக்கட்டில் சந்தித்தோம். அவள் அதிகப் படி இறங்கினாளா நான் அதிகப் படி ஏறினேனா என்று இப்போது புதுச் சண்டை. ராணிக்குக் குரல் கொடுத்த அம்மாவுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.”

சொல்லிவிட்டேன்.

இனி கெட்ட செய்தி. எப்போதும் மணி பார்த்துக்கொண்டிருக்கும் நம் மேனேஜர், அதுதான் நம் ‘கடிகாரம்’, முடிவு எடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் அந்த வரியை வேறு குரலில் பதிந்து மாற்றிவிட வேண்டுமாம். உங்களைப் பற்றிக் கேட்டார், ஊரில் இல்லை என்றேன். உங்களுக்கு உடம்பு சரியில்லாததை நான் சொல்லவில்லை. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்.

தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு இங்கே ஒரு ஜோடிதான் இருக்கிறது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, விடு.

நீ அனுப்பியதை எனக்குப் படித்துக் காட்டியவர் உன் அண்ணன். பிளாட்பார அறிவிப்பு மாதிரி ஒரே ஸ்தாயியில் படித்தார். மாடி, கீழ் சகோதரிகள் வந்ததும் குரல் தட்டியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இந்த லெட்டர்ல எழுத்து சின்னதா இருக்கு” என்றார். எல்லாம் உன் ஒரே கையெழுத்துதான்.

எங்கள் குடித்தனம் இப்போது எப்படி நடக்கிறது தெரியுமா? கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டினால் ‘ஆமாம்’, இரண்டு தட்டினால் ‘இல்லை’. கடகடவென்று தட்டினால் ‘உங்களுக்கு எத்தனை தடவை சொல்வது’. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக வீட்டில் தன் பேச்சு எடுபடுகிறது என்று பக்கத்து வீட்டு பெயின்டரிடம் பெருமை அடித்துக்கொள்கிறார்.

அந்த நன்றிகளை என்னால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. கட்டிக்குச் சேர வேண்டிய நன்றி எனக்கு வருகிறது. அப்படித்தான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘நாம’ என்று சொன்னபோது திரையில் தங்கையின் முகம் பெரிதாக வந்தது. அந்தப் பெண் உதடு துடிக்க நின்றாள். மூன்று தடவை ‘நாங்க’ சொல்லிப் பார்த்தபோதும் அதே முகம்தான். அப்போதெல்லாம் அது எனக்கு உறைக்கவில்லை. ‘நாம’ என்றதும்தான் அந்தத் துடிப்புக்கு அர்த்தம் வந்தது. இன்ஜினியரிடம் வார்த்தை மாறியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை, மனமும் வரவில்லை. தொண்டை தொடங்கியது, நான் முடித்தேன். ஆகவே தப்பு என்றால் முழுத் தப்பும் என்னுடையது.

என் மனதில் இருப்பதைக் கேட்டாய். அந்த வரி என் குரலிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைதான், கட்டளை இல்லை. உன் பிழைப்பில் மண் விழும்படி எதுவும் செய்துவைக்காதே.

அண்ணி

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணி,

செய்துவிட்டேன்.

நேற்றுக் காலை கடிகாரத்தின் அறைக்குப் போனேன். ‘நாம’ என்று எழுதியதே நான்தான், மூலத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது, யோசித்துத்தான் எழுதினேன், குரல் கொடுத்தவர் தாளில் இருந்ததை அப்படியே பேசினார் என்றேன். அவர் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடிக்கோடு போட்ட பழைய தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எழுத்தாளர் வேண்டுமென்றே எழுதியது என்றால் மாற்றுவதற்கு முன் மேலிடத்தைக் கேட்க வேண்டுமாம். அதனால் கொஞ்ச நாள் கிடைத்திருக்கிறது. அடுத்த பருவம் எனக்குத் தருவார்களா என்பது சந்தேகம்தான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 24

அட மடையா,

உன்னை யார் கேட்டார்கள்? என் பிழையை நீ எதற்குத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாய்? கரண்டியால் தட்டித் தட்டித் தட்டு நெளிந்துவிட்டது. உன் அண்ணன் பயந்துபோய் வெளியே நிற்கிறார்.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நான் அதற்கு முன்பே, சனிக்கிழமை, கடிகாரத்துக்கு நேராக எழுதிவிட்டேன். கட்டி, ஆபரேஷன், மூன்று டேக், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, எழுத்தாளர் ‘நாங்க’ என்றுதான் எழுதினார், மாற்றிப் பேசியது நான் என்று கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று. ராணி வேடம் போகும் என்று தெரிந்துதான் எழுதினேன். போனால் போகட்டும். உன் பெயர் கெடக் கூடாது.

இப்போது அந்த மனிதர் மேஜையில் இரண்டு கடிதமும் இருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பொய்யர்கள் ஆகப் போகிறோம்.

கோபம் தீரவில்லை. ஆனாலும் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்காக ஒருவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டான் என்று இன்று காலை தெரிந்ததும் அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதேன். சத்தத்தோடு அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று கடிகாரம் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இடது பக்கம் என் கடிதம், வலது பக்கம் உங்கள் கடிதம். நடுவில் அவர் கை. “ஒரு தப்புக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறத இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார். பொய் சொன்னதற்காக அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதில் ஒரு வார்த்தை கூட நியாயமில்லாதது இல்லை.

ஆனால் விஷயம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. தொடரைத் தயாரித்த வெளிநாட்டு ஆட்களுக்குக் கடிகாரம் முறையாகப் புகாரை அனுப்பியிருக்கிறார். அதை அவர்கள் மொழியில் பெயர்த்தவர் எவரோ நல்ல மனிதர். அவர்களிடம் இருப்பது ஒரே சொல் அல்லவா? ‘ராணி இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்’ என்ற இடத்தில் இரண்டு ‘இப்படி’க்கும் அதே வரிதான் வந்து விழுந்திருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, ‘வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. வசனம் சரியாகவே உள்ளது. பார்வையாளர்களின் வரவேற்புக்கு எங்கள் நன்றி’ என்று பதில் போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள்.

கடிகாரம் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு நம் இரண்டு கடிதங்களையும் ஒன்றாக மடித்து மேஜை டிராயரில் போட்டார். விளக்கி இன்னொரு கடிதம் எழுதலாமே என்று நான் கேட்கவில்லை. அவரும் எழுதப் போவதில்லை என்று நினைக்கிறேன். எழுந்து வரும்போது, “மாடி வீட்டம்மா கீழ் வீட்டம்மா லெட்டர் ஒரு காப்பி குடுய்யா, எங்க வீட்ல படிக்கணும்கறாங்க” என்றார்.

வரி இருக்கிறது அண்ணி. உங்கள் குரலிலேயே இருக்கிறது.

அடுத்த பருவமும் எனக்குத்தான் என்று போகிற போக்கில் சொன்னார். ராணியைப் பற்றிக் கேட்டேன். குரல் வந்ததும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம், பொய் சொல்லி ஆசை காட்ட மாட்டேன் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தையும் சரியா என்று நாலு தடவை பார்க்கிற ஆள். ஒருவரும் என் வரிக்காகப் படி இறங்கியதில்லை. நான் சரியாக எழுதியதை நீங்கள் தப்பாகப் பேசினீர்கள், அதுவே சரியாகிவிட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக நன்றி இருக்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரம் முடிந்தது. பத்தாம் தேதி டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, “ஏதாவது சொல்லுங்கம்மா” என்றார். ஆறு வாரமாக என்னென்னவோ பேச வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “என்ன சொல்ல?” என்றேன். பக்கத்தில் நின்ற உன் அண்ணன் யார் பேசியது என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குரல் முன்பைவிட நன்றாக ஸ்தாயி இறங்கிவிட்டது. அடியில் ஒரு கரகரப்பு. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் பேசலாம். நேற்று உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராணியைப் பேசிப் பார்த்தேன். முதல் பருவத்தின் முதல் வரி, எனக்குத் தூக்கத்திலும் வரும். வரவில்லை. நாலு தடவை பார்த்தேன். எங்கேயோ அடிவயிற்றில் இருக்கிறாள், மேலே ஏறி வர மாட்டேன் என்கிறாள். டெஸ்ட் வேண்டாம் என்று கடிகாரத்திடம் சொல்லிவிடு. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ராணிக்கு நல்ல ஆளாகப் பாருங்கள்.

அழுதேன். இப்போது சத்தத்தோடு அழலாம், அதனால் தாராளமாகவே அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, உன் அண்ணன் வந்ததும் போனை வாங்கி அந்தக் கடைசிப் பகுதியை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். அதன் கீழே ஜனங்கள் எழுதியதையும் பார்த்தேன். இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தர் ராணி மன்னித்தது மகா முட்டாள்தனம் என்று இரண்டு பக்கத்துக்குத் திட்டியிருக்கிறார். அவருக்குக் கூட நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

பதினாறு வருஷம் யார் யாருடைய உதடுகளுக்கோ பொருத்திப் பொருத்திப் பேசினேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைக்கூட அவர்கள்தான் முடிவு செய்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் என் தொண்டைக்காக, என்னால் முடிந்ததாக வந்தது. அதை நீ அழியாமல் காப்பாற்றிக் கொடுத்தாய். பொய் சொல்லிக் காப்பாற்றினாய், அந்தப் பொய்யும் சரியாகச் சொல்ல வரவில்லை. பரவாயில்லை. குரல் போனது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் இரண்டு பேரும் வருகிறோம். வாசலில் நின்று யாரோ முன்பின் தெரியாத குரலில் உன்னை மடையா என்று கூப்பிட்டால், யார் என்று கேட்காமல் கதவைத் திற. அது நான்தான்.

அண்ணி